குளியல் ஞாயிறு, மருந்து புதன்!

"போன மாசம் வாங்கின மருந்து சுத்தமா வேலை செய்யலைங்க. டூப்ளிகேட்டா?"

செல்லப்பிராணிக் கடைக்காரர்களுக்கும் கால்நடை மருத்துவர்களுக்கும் பழகிப்போன கேள்வி இது. கேட்பவரின் எரிச்சலிலும் நியாயம் இருக்கிறது. விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குப்பி. உள்ளே அரை ஸ்பூன் திரவம். விலையைக் கேட்டால், அந்தப் பணத்தில் வீட்டில் எல்லாரும் ஒருவேளை ஓட்டலில் சாப்பிட்டிருக்கலாம் என்று தோன்றும். அதை நாயின் பிடரியில் விட்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பின்னங்காலைத் தூக்கி மறுபடியும் பரபரவென்று சொறிய ஆரம்பித்துவிட்டது.

மருந்து போலியாகவும் இருக்கலாம். ஆனால் அனுபவமுள்ள மருத்துவர் குப்பியைப் பார்க்கும் முன்னால், "எப்பக் குளிப்பாட்டினீங்க?" என்றுதான் கேட்பார். பதில் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையில் வந்து நிற்கும். காலையில் மொட்டை மாடியில் ஷாம்பு போட்டுக் குளியல், துண்டால் துவட்டல், "சுத்தமா இருக்கும்போதே போட்டுடலாமே" என்று மதியமே பிடரியில் மருந்து. அடுத்த ஞாயிறு மறுபடியும் ஷாம்பு. உடம்பைக் கழுவித் துடைத்த பிறகுதான் மருந்து போட வேண்டும் என்பது நாம் புண்ணுக்கும் சிரங்குக்கும் பழகிய முறை. இந்தக் குப்பி மருந்து அந்த முறைக்கு அடங்காது. நாயின் தோலில் ஊறியிருக்கும் எண்ணெய்ப் பசைதான் இதற்கு வாகனம். அதை ஷாம்பு போட்டு வழித்தெடுத்துவிட்டு மருந்தை விட்டால், அது போக வழியில்லாமல் விட்ட இடத்திலேயே கிடக்கும்.

எண்ணெயில் ஏறிப் போகும் மருந்து

கடையில் 'ஸ்பாட் ஆன்' என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கும் இந்த வகை மருந்துகளில் பரவலாகக் கிடைப்பது பிப்ரோனில். தெள்ளுப்பூச்சிக்கும் உண்ணிக்கும் சேர்த்துப் போடுவது. நெல் பயிரிடுகிறவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. தண்டுத் துளைப்பானுக்கு வயலில் தூவும் குருணை மருந்தில் இருப்பதும் இதே பிப்ரோனில்தான். பிரான்ஸின் ரோன்-பூலான்க் நிறுவனம் 1980களில் கண்டெடுத்த வேதிப்பொருள் இது. 2017-ல் நெதர்லாந்து, பெல்ஜியம் நாடுகளின் கோழிப்பண்ணைகளில் சட்டவிரோதமாக இதைத் தெளிக்க, அது முட்டையில் ஏறி, ஐரோப்பா முழுக்க லட்சக்கணக்கில் முட்டைகளைத் திரும்பப் பெற்ற கூத்தும் இதனால் நடந்ததுதான். பூச்சியின் நரம்பு மண்டலத்தில், துடிப்பைத் தணிக்கும் வாயில்களை இது அடைத்துவிடுகிறது. தணியாத துடிப்பிலேயே பூச்சி சாகும். பாலூட்டிகளின் நரம்பை இது அவ்வளவு வலுவாகப் பிடிப்பதில்லை. அதனால்தான் நாய் மேல் விட முடிகிறது.

30 கிலோ எடையுள்ள லாப்ரடாருக்கு உரிய குப்பியில் இருப்பது 2.68 மில்லிலிட்டர். அதில் பிப்ரோனில் 268 மில்லிகிராம். இவ்வளவு சிறிய அளவு, மூக்கு முதல் வால் நுனி வரை எப்படிப் போய்ச் சேருகிறது? தலையில் வைத்த எண்ணெய் மெல்ல இறங்கி நெற்றிக்கும் காதோரத்துக்கும் வருவதைப் போலத்தான். தோலின் எண்ணெய்ப் படலத்தில் கரைந்து, நாயின் அசைவோடு அசைவாக, 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உடல் முழுக்கப் பரவுகிறது. பிடரியில் அடர்த்தி அதிகமாகவும், தள்ளிப் போகப் போகக் குறைவாகவும் இருக்கும். அத்தோடு வேலை முடிவதில்லை. மயிர்க்கால்களை ஒட்டிய எண்ணெய்ச் சுரப்பிகளுக்குள் இறங்கித் தங்கி, சுரக்கும் எண்ணெயோடு சிறிது சிறிதாக வெளியே வந்துகொண்டிருக்கும். ஒரு மாதப் பாதுகாப்பு என்று அட்டையில் போட்டிருப்பதன் பின்னால் இருப்பது இந்தச் சேமிப்புதான்.

இனி ஞாயிற்றுக்கிழமைக் குளியலைப் பார்ப்போம். காலையில் போட்ட ஷாம்பு எண்ணெயை வழித்தெடுத்துவிட்டது. அது மறுபடி ஊற இரண்டு நாளாவது வேண்டும். அடர்த்தியான முடி உள்ள நாய் என்றால், மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் அடியில் ஈரம் நிற்கும். அந்த ஈரத்தில் விழுந்த மருந்து நீர்த்து, முடியோடு வழிந்து, தரையிலும் மெத்தையிலும் ஒட்டிக்கொண்டு போகும். மருந்து விட்ட மறுநாளே குளிப்பாட்டினால் கதை இன்னும் மோசம். சுரப்பிக்குள் இறங்கும் முன்னாலேயே மேலே நிற்கும் மருந்து ஷாம்பு நுரையோடு சாக்கடைக்குப் போய்விடும்.

எவ்வளவு போகும் என்பதைக் கலிபோர்னியாவில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். அந்த மாநிலப் பூச்சிக்கொல்லி ஒழுங்குமுறைத் துறையின் ஆய்வாளர்கள், வீடுகளில் வளரும் 34 நாய்களுக்கு பிப்ரோனில் சொட்டு மருந்து விட்டு, 2, 7, 28 நாள் கழித்துக் குளிப்பாட்டி, குளித்த தண்ணீரை முழுக்கப் பிடித்துச் சோதித்தார்கள். 2017-ல் வெளியான அந்த ஆய்வின்படி, இரண்டாம் நாள் குளித்த நாய்களிடமிருந்து, போட்ட மருந்தில் சராசரியாக 21 சதவீதம் தண்ணீரில் இறங்கியிருந்தது. ஏழாம் நாள் 16 சதவீதம். இருபத்தெட்டாம் நாள் 4 சதவீதம்தான். நாய்க்கு நாய் வித்தியாசமும் பெரிது; சிலவற்றிடம் சராசரியைப் போல இரண்டு மடங்குக்கு மேலேயே போனது.

நம் லாப்ரடாருக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், இரண்டாம் நாள் குளியலில் போவது 268-ல் ஏறக்குறைய 56 மில்லிகிராம். கவனிக்க வேண்டியது, இது அட்டையில் சொன்னபடி 48 மணி நேரம் காத்திருந்தவர்களின் கணக்கு. 'இரண்டு நாள் குளிப்பாட்டாதீர்கள்' என்ற வரியை, மூன்றாம் நாள் குளிப்பாட்டலாம் என்ற அனுமதியாகத்தான் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அது குறைந்தபட்ச எல்லை, அவ்வளவுதான். அதற்கு மேல் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் லாபக் கணக்கில் சேரும்.

ஷாம்புவிலும் வித்தியாசம் இருக்கிறது. பிப்ரோனிலோடு மெத்தோபிரின் சேர்ந்த மருந்துக்கு ஐரோப்பாவில் வெளியிட்டிருக்கும் அதிகாரபூர்வக் குறிப்பில், வாரம் ஒருமுறைக்கு மேல் குளிப்பாட்ட வேண்டாம் என்று இருக்கிறது. தோலை மிருதுவாக்கும் ஷாம்புவை வாரந்தோறும் போட்டால், தெள்ளுக்கு எதிரான பாதுகாப்பு (அந்த மருந்துக்கு இது ஒரு மாதத்தைவிட நீளம்) சுமார் 5 வாரமாகக் குறைந்துவிடும் என்றும், 2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் கலந்த மருத்துவ ஷாம்புவைப் போட்டு 6 வாரம் பார்த்ததில் பாதிப்பு தெரியவில்லை என்றும் அதே குறிப்பு சொல்கிறது. பாத்திரம் தேய்க்கும் திரவமோ, மனிதர்கள் போடும் ஷாம்புவோ எண்ணெயைச் சுரண்டி எடுப்பதில் இவற்றைவிடக் கெட்டி. வீட்டில் இருப்பதைப் போட்டு நாயைக் குளிப்பாட்டுகிறவர்கள் இதையும் மனதில் வைக்க வேண்டும்.

இரண்டு மணி நேரமா, மூன்று நாளா?

பக்கத்து வீட்டுக்காரர், "எங்க டாக்டர் ரெண்டு மணி நேரம் கழிச்சே குளிப்பாட்டலாம்னு சொன்னாரே" என்பார். அவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். அவர் வீட்டில் போடுவது செலாமெக்டினாக இருக்கும்.

செலாமெக்டினையும் பிடரியில்தான் விட வேண்டும். ஆனால் அது தோல் வழியாக ரத்தத்துக்குள் போய்விடும். உள்ளே போய்ச் சேர்ந்ததைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. அதனால்தான் இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு குளிப்பாட்டினாலும் பலன் குறையாது என்று தயாரிப்பாளரே சொல்கிறார். விடும்போது மட்டும் முடி நனைந்திருக்கக் கூடாது. புளூரலனரைச் சொட்டு மருந்தாக விட்டால் அதுவும் உடலுக்குள் போகிறதுதான். ஆனால் போய்ச் சேரும் வேகம் குறைவு. மூன்று நாள் குளிப்பாட்டவோ நீந்த விடவோ கூடாது. பொறுத்திருந்தால் 12 வாரம் வரை கவலை இல்லை. பிப்ரோனிலுக்கு முன்னால் இரண்டு நாள், பின்னால் இரண்டு நாள். மூன்றுமே ஒரே அளவுக் குப்பியில், ஒரே மாதிரி மூடியோடு, கடையில் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். விற்பனைப் பெயரைப் பார்ப்பதைவிட, அட்டையின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படித்துக்கொள்வது உத்தமம்.

உண்ணிக்குப் போடும் அமிட்ராஸ் கதையே வேறு. இதைத் தண்ணீரில் கலந்து, குளித்து முடித்த நாயின் மேல் ஊற்ற வேண்டும். பிறகு அலசாமல் அப்படியே காற்றில் காய விட வேண்டும். மருந்து வாடை பிடிக்காமல் மேலே இரண்டு சொம்பு நல்ல தண்ணீர் ஊற்றிவிட்டால் போட்ட மருந்து வீண். மாட்டுக்கு வாங்கி வைத்த டெல்டாமெத்ரினைக் கண் திட்டத்தில் கலந்து நாய்க்கும் ஊற்றும் வழக்கம் கிராமங்களில் உண்டு. அளவு கொஞ்சம் கூடினாலும் நாய் நடுங்கும், வாயில் நுரை தள்ளும். மாட்டின் எடையும் நாயின் எடையும் ஒன்றா என்ன?

தோல் நோயால் வாரம் இரண்டு தடவை மருத்துவ ஷாம்பு போட்டே ஆக வேண்டிய நாய்கள் இருக்கின்றன. கடற்கரைக்குப் போனால் அலைக்குள் பாயாமல் திரும்பாத நாய்களும், தோட்டத்து வாய்க்காலே கதியாகக் கிடக்கும் நாய்களும் இருக்கின்றன. இவற்றுக்குத் தோலில் தங்கும் மருந்தை விட்டுவிட்டு நாள் எண்ணிக்கொண்டிருப்பது வீண் வேலை. 2013-க்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சந்தைக்கு வந்த அபாக்சோலனர், புளூரலனர், சரோலனர் மாத்திரைகள் இவற்றுக்குப் பொருந்தும். மாத்திரை வயிற்றுக்குள் போய்விடுவதால் குளியல் கேள்வியே எழாது. ஒரு எச்சரிக்கை: சில நாய்களுக்கு நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு வரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 செப்டம்பரில் இந்தக் குடும்ப மருந்துகளைப் பற்றி அறிவித்தது. முன்பே வலிப்பு வந்த நாய் என்றால் மருத்துவரிடம் சொல்லாமல் கொடுக்கக் கூடாது.

குளிப்பாட்டினால் தெள்ளு போகாதா?

கொஞ்சம் போகும். சோப்பு நுரையில் மேலே ஓடும் பூச்சிகளில் ஒரு பகுதி மூழ்கிச் சாகும். உடம்பில் தண்ணீர் பட்டதும் மீதி எல்லாம் தலையை நோக்கி ஓடிக் காதுக்குள்ளும் கண்ணோரமும் பதுங்கும். அதனால் முதலில் கழுத்தைச் சுற்றி நுரையால் ஒரு வளையம் கட்டிவிட்டுப் பிறகு உடம்பைத் தேய்ப்பது நல்ல உத்தி. 8 வாரம் ஆகாத குட்டிகளுக்கு பிப்ரோனில் சொட்டு மருந்து ஆகாது. அந்த வயதில் இந்தக் குளியலும் நெருக்கமான பல் உள்ள சீப்பும்தான் துணை.

ஆனால் நாய் மேல் நமக்குத் தெரிவது மொத்தக் கூட்டத்தில் சுமார் 5 சதவீதம்தான். மீதி 95 சதவீதமும் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாக வீட்டுக்குள் கிடக்கிறது. உலகெங்கும் நாய்கள் மேல் அதிகம் காணப்படும் இனத்துக்குப் பெயர் என்னவோ பூனைத் தெள்ளு. இந்தியாவில் அதன் நெருங்கிய உறவான ஒரியன்டிஸ் இனமும் நாய்களிடம் சகஜம். நாய் மேல் ஏறிய சில நிமிடங்களிலேயே பெண் தெள்ளு ரத்தம் குடிக்கத் தொடங்கும். ஓரிரு நாளில் முட்டையிடும். ஒரு நாளைக்கு 40, 50 கூட இடும். முட்டைக்கு ஒட்டும் பசை கிடையாது. நாய் உடம்பை உதறினால் உப்புத் தூவியது போலக் கீழே உதிர்ந்து, சோபாவின் இடுக்கு, கால்மிதி, கட்டிலடி, நாய் படுக்கும் கோணி என்று போய்ச் சேரும். புழுவாகி, தாய்த் தெள்ளு கழித்துவிட்ட காய்ந்த ரத்தத் துகளைத் தின்று வளர்ந்து, பிறகு தூசி ஒட்டிய கூட்டுக்குள் அடங்கிவிடும்.

அந்தக் கூட்டுக்குள் எந்த மருந்தும் எளிதில் நுழையாது. மாதக் கணக்கில் உள்ளேயே சும்மா இருக்கவும் தெள்ளால் முடியும். சூடு, அதிர்வு, மூச்சுக்காற்று இவை பட்டால் 'ஆள் வந்தாயிற்று' என்று வெளியே குதிக்கும். மே மாதம் முழுக்க ஊருக்குப் போய்விட்டு வந்து பூட்டைத் திறந்த குடும்பம், கூடத்தில் கால் வைத்ததும் கணுக்காலில் சுரீர் என்று கடி வாங்குவது இதனால்தான். நாய் விடுதியிலிருந்து இன்னும் வீடு வந்து சேர்ந்திருக்காது; பழி மட்டும் அதன் மேல் விழுந்திருக்கும்.

மருந்து விட்ட பிறகும் நாய் மேல் ஓரிரு தெள்ளு தெரிவதற்கும் இதுவே காரணம். இந்த மருந்து பூச்சியை விரட்டாது. ஏறிய பிறகுதான் கொல்லும். தெள்ளுக்கு ஒரு நாள், உண்ணிக்கு இரண்டு நாள் வரை ஆகும். கூட்டிலிருந்து புதிதாக வந்த தெள்ளு இன்று ஏறும், நாளை சாகும், நாளை இன்னொன்று ஏறும். இதைப் பார்த்துப் பதறி, மருந்து பலிக்கவில்லை என்று நாயை மறுபடி ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுவதுதான் ஆகப்பெரிய தவறு. வேலை செய்துகொண்டிருக்கும் மருந்தை நம் கையாலேயே கழுவி ஊற்றுகிறோம். அந்த நேரத்தில் நாயை விட்டுவிட்டு வீட்டைப் பிடிக்க வேண்டும். நாயின் படுக்கையையும் விரிப்பையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுவது, சோபா மெத்தையைத் தூக்கிப் பெருக்குவது, வாக்குவம் கிளீனர் இருந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் இழுப்பது என்று சில வாரம் விடாமல் செய்தால் கூட்டம் அடங்கும்.

குளிர்நாடுகளில் உறைபனிக் காலம் தெள்ளுக்கு ஓரளவு கடிவாளம் போடும். 27 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் அதற்குச் சொர்க்கம். இந்த இரண்டும் சென்னையிலிருந்து நாகர்கோவில் வரையிலான கடற்கரைக்கு ஆண்டில் பெரும்பகுதி வாய்த்திருக்கிறது. நமக்கு மருந்து ஓய்வு மாதம் என்று ஒன்று இல்லை.

இருப்பது தெள்ளுதானா என்று சந்தேகம் வந்தால் ஒரு எளிய சோதனை உண்டு. ஒரு வெள்ளைத் தாளை நனைத்துத் தரையில் விரித்து, வாலுக்கு மேலே இடுப்புப் பக்கம் சீப்பால் வாரித் தாளின் மேல் தட்டுங்கள். விழும் கறுப்புத் துகள் ஈரத்தில் கரைந்து துருப்பிடித்த சிவப்பாகப் படர்ந்தால் அது தெள்ளின் கழிவு, அதாவது நாயின் ரத்தம். கறுப்பாகவே நின்றால் வெறும் மண். உண்ணிக்கு இந்தச் சோதனையே தேவையில்லை. காது மடலிலும் கால்விரல் இடுக்கிலும் மிளகு மாதிரி ஒட்டிக்கொண்டு தானே தெரியும்.

பூனை இருக்கும் வீடு

நாய் மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். நாய்க்குப் பிரச்சினை இல்லை. பூனையின் கல்லீரலுக்கு அதை உடைத்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. ஒரு சொட்டு மருந்து சில மணி நேரத்தில் காதுத் துடிப்பு, உடல் நடுக்கம், வலிப்பு என்று வளர்ந்து உயிரையே எடுத்துவிடும். பூனைக்கு நேரடியாக விட வேண்டும் என்பதுகூட இல்லை. மருந்து விட்ட நாயோடு ஒட்டிப் படுத்தாலோ அதன் பிடரியை நக்கினாலோ போதும்.

அமெரிக்காவில் 2008-ல் மட்டும் தெள்ளு, உண்ணி மருந்துகளால் பிராணிகளுக்கு உபாதை என்று 44,000-க்கும் மேற்பட்ட புகார்கள் வர, அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விசாரணையில் இறங்கியது. பெரும்பாலானவை லேசான உபாதைகள்தான். பூனைக்கு நாய் மருந்தைப் போட்டதும், சின்ன நாய்களுக்கு எடைக்கு மீறிய அளவு போனதும் பெரிய காரணங்கள் என்று 2010-ல் சொன்னார்கள். இந்த இரண்டாவதை நம் ஊரில் தெரிந்தேதான் செய்கிறார்கள். பெரிய நாய்க்கான குப்பி ஒன்றை வாங்கி இரண்டு பொமரேனியனுக்குப் பிரித்து விட்டால் காசு மிச்சம் என்ற கணக்கு. குப்பியை நடுவில் நிறுத்தினால் எவ்வளவு இறங்கியது, எவ்வளவு மிச்சம் என்று கண்ணால் சொல்ல யாராலும் முடியாது. எடை பார்க்கும் மிஷினில் நாயைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை, தனியாக ஒரு தடவை ஏறி நின்றால் நாயின் எடை கிடைத்துவிடும். அதற்குரிய குப்பியையே வாங்கிவிடலாம்.

முயலுக்கு பிப்ரோனில் விஷம். நாய்க்கு வாங்கிய குப்பியில் மிச்சம் இருக்கிறதே என்று கூண்டுப் பக்கம் போக வேண்டாம்.

காத்திருக்கும் விதி எல்லாம் செல்லாமல் போகும் இடமும் பூனை இருக்கும் வீடுதான். பூனை மேல் தவறுதலாக நாய் மருந்து பட்டுவிட்டால் அந்த நிமிடமே குளிப்பாட்ட வேண்டும். அன்றாடம் வேண்டாம் என்று சொன்ன அதே பாத்திரம் தேய்க்கும் திரவத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து, எண்ணெயோடு மருந்தும் வெளியே வரும்படி கழுத்துப் பக்கம் நன்றாகத் தேய்த்து அலசிவிட்டு, துண்டில் சுற்றி மருத்துவரிடம் ஓட வேண்டும். மருந்தின் அட்டைப்பெட்டியும் கூடவே போக வேண்டும்.

தண்ணீரோடு போனது எங்கே போனது?

நாயின் தோலிலிருந்து இறங்கிய மருந்து காணாமல் போய்விடுவதில்லை. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 20 ஆறுகளில் 2016 முதல் 2018 வரை எடுத்திருந்த நீர் மாதிரிகளின் விவரங்களை ஆராய்ந்தார்கள். 98 சதவீதத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளில் பிப்ரோனில் இருந்தது. இன்னொரு தெள்ளு மருந்தான இமிடாகுளோபிரிட் 66 சதவீதத்தில். வயல்களில் பிப்ரோனிலுக்கு வேலையே இல்லாத நாடு அது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் கீழே உள்ள நீரில் அளவு எகிறியிருந்தது. குளிப்பாட்டிய தண்ணீர், துவைத்த நாய்ப் படுக்கை, கை கழுவிய தண்ணீர் என்று எல்லா விரலும் வீட்டுக் குழாய்களையே காட்டின.

கை கழுவும் கணக்கு யாரும் எதிர்பாராதது. மருந்து விட்ட நாயைத் தடவிக்கொடுக்கும் உரிமையாளர்களின் கை கழுவிய தண்ணீரில் குறைந்தது 28 நாள் வரை மருந்து தென்பட்டதாக 2024-ல் அதே குழுவினர் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. நாயைக் குளிப்பாட்டுவதைவிடக் கை கழுவும் வழியாகப் போவதே மொத்தத்தில் அதிகமாம். அதே ஆண்டில் லண்டனின் ஹாம்ஸ்டெட் ஹீத் குளங்களைச் சோதித்த இன்னொரு ஆய்வு, நாய்கள் நீந்தும் குளங்களில் இந்த மருந்துகள் நீர்ப்பூச்சிகளுக்குத் தீங்கு செய்யும் அளவில் இருப்பதைக் காட்டியது. 2025-ல் வெளியானது இன்னும் உறுத்தலானது. நாய்முடியையும் பூனைமுடியையும் பொறுக்கிவந்து கூட்டுக்கு மெத்தை போடும் டிட் குருவிகளின் 103 கூடுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஒன்று பாக்கியில்லாமல் எல்லாவற்றிலும் பிப்ரோனில்.

மீனுக்கும் தேனீக்கும் இறாலுக்கும் பிப்ரோனில் கொடிய விஷம். மருந்து விட்ட நாயை இரண்டு நாளைக்காவது ஏரி, வாய்க்கால், குளத்துப் பக்கம் விடக் கூடாது என்று அட்டையில் போட்டிருப்பது நாயின் நலத்துக்காக மட்டும் எழுதிய வரி இல்லை. மீன் வளர்க்கும் பண்ணைக் குட்டையில் காவல் நாய் இறங்கிக் குளித்தால், நஷ்டம் தெள்ளுக் கணக்கோடு நிற்காது.

மாதத்தில் எந்த நாள்?

கலிபோர்னியக் கணக்கு இங்கேதான் உதவிக்கு வருகிறது. மருந்து விட்டு நான்கு வாரம் ஆன பிறகு குளிப்பாட்டினால் போவது 4 சதவீதம்தான். அதற்குள் அது தன் வேலையை ஏறக்குறைய முடித்திருக்கும். ஆகவே குளியலுக்குத் தோதான நேரம் மருந்து மாதத்தின் கடைசி. ஞாயிற்றுக்கிழமை நன்றாக ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுங்கள். திங்கள், செவ்வாய் சும்மா விடுங்கள், எண்ணெய் ஊறட்டும். புதன்கிழமை மாலை மருந்து. மருந்துக்குப் பிறகு வரும் ஞாயிறையும் அதற்கடுத்த இரண்டு ஞாயிறுகளையும் ஷாம்பு இல்லாமல் தள்ளினால், நான்காவது ஞாயிறு அடுத்த குளியல், அந்தப் புதன் அடுத்த மருந்து. நாய்க்கு வாரக் குளியல் என்பது பெரும்பாலும் நம் மனத் திருப்திக்குத்தான். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற ஒட்டிய முடி நாய்களுக்கு அதற்கு அவசியமே இல்லை. இடையில் நாற்றம் வந்தால் பிரஷ் போட்டு வாரி, பாதத்தையும் வயிற்றையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும். பிடரிப் பக்கம் துணி போக வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு தூறல் பட்டால் குடி முழுகிவிடாது. மருந்து விட்ட இரண்டு நாளுக்குள் தொப்பலாக நனையும்படி விட்டால்தான் சிக்கல்.

மாலை நேரம் என்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. விட்ட இடம் காயும் வரை யாரும், முக்கியமாகக் குழந்தைகள், நாயைத் தொடக் கூடாது. அன்றிரவு அது குழந்தைகளோடு படுக்கவும் கூடாது. பள்ளிவிட்டு வந்து விளையாடி முடித்த பிறகு விடுவது எல்லாருக்கும் வசதி.

விடும் முறையிலும் பாதி மருந்து வீணாகிறது. நாயை நிற்க வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே முடியை இரண்டு பக்கமும் விரலால் வகிடு எடுக்க வேண்டும். சாம்பலோ இளஞ்சிவப்போ, தோல் ஒரு கோடாகத் தெரிந்தாக வேண்டும். குப்பியின் முனையை அந்தக் கோட்டில் தொட்டு வைத்துக்கொண்டு, ஒரே இடத்திலோ அல்லது கழுத்தடியில் ஒன்று, தோளில் ஒன்று என இரண்டு இடத்திலோ முழுவதையும் பிழிந்துவிடுங்கள். கையை எடுத்த பிறகு முடி கொத்துக் கொத்தாக ஈரமாக நின்றால் மருந்து தோலுக்குப் போகாமல் முடியில் நின்றுவிட்டது என்று அர்த்தம். நாக்கு எட்டாத இடம் பார்த்துப் பிடரி என்று வைத்திருக்கிறார்கள். ஆனால் வீட்டில் இரண்டு நாய் இருந்தால் ஒன்றின் பிடரி இன்னொன்றின் நாக்குக்கு எட்டும். காயும் வரை தனித்தனி அறையில் விடுங்கள். தப்பித் தவறி நக்கிவிட்டால், மருந்தின் கசப்பால் சிறிது நேரம் எச்சில் நூலாக வழியும். பெரும்பாலும் தானே நின்றுவிடும். நிற்காவிட்டால், அல்லது நடுங்கினால் மருத்துவர்.

காலிக் குப்பியைக் குழாயடியில் அலசாமல் அப்படியே மூடிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். அட்டைப்பெட்டியை மட்டும் எறிந்துவிட வேண்டாம். அதன் மேல் அன்றைய தேதி, நாயின் எடை, கடைசியாகக் குளித்த நாள் மூன்றையும் பேனாவால் எழுதி நாயின் சீப்பு இருக்கும் அலமாரியில் வைத்துவிடுங்கள். அடுத்த மாதம் மறுபடியும் சொறிந்தால், மருத்துவர் முதலில் கேட்கப்போவது இந்த மூன்றைத்தான்.